காண்டாமிருகம் வீட்டு வளைகாப்பு

ஆலங்காத்தான்குளத்தில் சிரித்த சிரிப்பு கலையாமல் கிடந்த காலம் ஒன்று உண்டு. அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால், ஏதோ குளம் உடைந்த வருஷத்தைச் சொல்வதுபோல, “ஆமா, அப்பம் அப்பிடித்தான் கெடந்துச்சு” என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவப் போய்விடுவார்கள். ஆச்சரியப்படுவதெல்லாம் வெளியூர்க்காரன் வேலை.

ஊருக்கு இருந்தது ஒரே ஒரு கொட்டகை, தளவாய் அண்ணாச்சியின் செல்வசுந்தரி டாக்கீஸ். அதில் கடைசியாக ஓடிய படம் ‘காண்டாமிருகம் வீட்டுக் கல்யாணம்’. எந்தத் தேசத்திலோ யாரோ வரைந்து அனுப்பிய பொம்மைப் படம்தான், ஆனால் தமிழில் குரல் கொடுத்த புண்ணியவான்கள் அந்தக் காண்டாமிருகத்துக்குத் தொந்தியப்பன் என்று பெயர் வைத்து, அது தன் மகள் கல்யாணத்தன்று வாசலில் மாட்டிக்கொண்டு முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் “எம் மக கல்யாணத்துக்கு நானே வாசக்கால் ஆயிட்டேனே!” என்று அழுதபோது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடனே என்று வந்திருந்த பெரியவர்கள்தான் பிள்ளைகளைவிட அதிகமாக உருண்டு புரண்டு சிரித்தார்கள். அந்த வருஷம் அந்த ஊரில் மழையில்லை, விளைச்சலில்லை, சிரிக்க வேறு காரணமும் இல்லை. இருந்த சிரிப்பையெல்லாம் அந்தப் படத்துக்கே கொட்டிவிட்டுப் போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதோடு பெட்டியில் பிலிம் சுருளாகப் படம் வருவது நின்றுபோய், புது மெஷின் வாங்க வழியில்லாமல் அண்ணாச்சி கொட்டகையைப் பூட்டினார். பூட்டிய பிறகுதான், தினமும் மேட்னி நேரத்தில் உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வர ஆரம்பித்தது. காவல்காரன் பயந்துபோய் உச்சினிமாகாளி கோயில் சாமியாடியைக் கூட்டிவந்தான். சாமியாடி திருநீற்றோடு உள்ளே போனார், வரிசை வரிசையாக நடந்தார், மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலி முதுகில் காதை வைத்தார், அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து, “பேயுமில்ல பிசாசுமில்ல, அது நான் சிரிச்சதுல்லாடே” என்று வெட்கத்தோடு சொல்லிவிட்டு, தட்சணைகூட வாங்காமல் போய்விட்டார்.

விஷயம் இவ்வளவுதான். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார்களோ அந்தச் சிரிப்பு அந்த நாற்காலியிலேயே தங்கிவிட்டது. காதை வைத்தால் கேட்டது. ஏன் தங்கியது என்று ஊர் இரண்டு நாள் பேசியது, பிறகு அதை விட்டுவிட்டு இதை என்ன செய்யலாம் என்று பேசத் தொடங்கியது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பாடச் சொல்வதை விட்டுவிட்டு, கொட்டகைக்குப் போய் அவள் சிரிப்பைக் கேட்டுவிட்டு வந்து தாம்பூலம் மாற்றினார்கள். கரண்ட் ஆபீசில் ஒருநாளும் பல் தெரியாத அதிகாரியின் சிரிப்பு கடைசி வரிசையில் கிடந்தது, அவரிடம் காரியமாகப் போகிறவர்கள் முதலில் அதைக் கேட்டுத் தைரியம் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுவர்ச் சண்டையில் பேச்சுவார்த்தை முறிந்த இரண்டு வீட்டுக்காரர்களின் சிரிப்புகள் அடுத்தடுத்த நாற்காலியில் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்ததால், தன் சிரிப்பைக் கேட்கப் போனவன் எதிராளி சிரிப்பையும் சேர்த்தே கேட்க வேண்டியதாயிற்று. ஒருத்தி வெள்ளிக்கிழமை தவறாமல் புருஷன் நாற்காலிக்குப் போய்க் கேட்டுவிட்டு, “வீட்ல இந்த மனுசன் ஒருநாளு இப்பிடிச் சிரிச்சிருப்பாரா?” என்று மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு நாள், மின்விசிறி பார்க்க வந்த எலக்ட்ரீசியன் ஒருவன் டீக்கடை மாசானத்தின் நாற்காலியில் உட்கார்ந்து, போனில் கூட்டாளி சொன்ன ஏதோ கேலிக்குக் கெக்கலி கொட்டிச் சிரித்துவிட்டான். மறுநாள் மாசானம் போய்க் காதை வைத்தால் எலக்ட்ரீசியன் சிரிக்கிறான். தன் சிரிப்பைக் காணவில்லை. மாசானம் நடு வரிசையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். அன்றைக்குத்தான் ஊருக்குப் புரிந்தது, புதுச்சிரிப்பு விழுந்தால் பழஞ்சிரிப்பு போய்விடும் என்று. அதிலிருந்து, கோயில் கொடைக்குப் பூசாரி வாய்கட்டிப் பூசை செய்கிற மாதிரி, கொட்டகைக்குள் போகிற எல்லோரும் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டே போனார்கள்.

உலகம்மைக்கு இதெல்லாம் ஊர்க்கதை. அவளுக்கு அந்தக் கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி, இடது பக்கம், தூணை ஒட்டியது. அதில் அவள் மகள் பிரம்மசக்தி இருந்தாள். பிரமு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள், முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பள்ளிக்கூட வாத்தியார் என்று நினைத்து ஒளிந்துகொள்வாள். படம் பார்த்துவிட்டு வந்த மறுமாசம் ஐப்பசிக் காய்ச்சலில் போய்விட்டாள். ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள், வேப்பிலை அடித்தார்கள், ஒன்றுக்கும் நிற்கவில்லை.

அந்த நாற்காலியில் முதலில் மூக்கில் கொர்ரென்று ஒரு சத்தம் வரும். பிறகு விக்கல். பிறகு அடக்க முடியாமல் உடைந்து கொட்டுகிற சிரிப்பு, அதற்கு நடுவே மூச்சுக்குத் திணறிக்கொண்டு, “எம்மா, பாரேன்... எம்மா, பாரேன்... ஒன்ன மாதிரியே!” என்று ஒரு கூப்பாடு. அவ்வளவுதான். திரும்பவும் கொர்.

உலகம்மை பார்க்கவில்லை. அன்றைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கொடுக்க வேண்டிய பீடிக்காக விடிய விடிய இலை சுருட்டிவிட்டு வந்தவளுக்குக் கொட்டகையின் இருட்டும் மின்விசிறிக் காற்றும் தாலாட்டாகிப்போய், விளக்கு அணைந்ததும் தூங்கினவள், ஜனம் எழுந்து போகும்போதுதான் விழித்தாள். பிள்ளை கூப்பிட்டதே தெரியாது. நாற்காலி சொல்லித்தான் தெரிந்தது. எதைப் பார்க்கச் சொன்னாள், யாரை அம்மா மாதிரி என்றாள்? ஊரில் எத்தனையோ பேரைக் கேட்டுப் பார்த்தாள். அடுத்த வீட்டுச் செண்பகம் மைனியின் பிள்ளைகள், “வாசல்ல மாட்டுன தொந்தியப்பனத்தான் சொல்லிருப்பா அத்தை” என்றார்கள். ஊதினால் பறக்கிற உடம்புக்காரி உலகம்மை. அவளுக்கும் தொந்தியப்பனுக்கும் என்ன ஒப்பு? ஆனாலும் தினமும் வாயைக் கட்டிக்கொண்டு போய், காதை வைத்து, “பாக்கேன் ராசாத்தி, இந்தா பாக்கேன்” என்று கிழிந்த திரையைப் பார்த்துவிட்டு வருவாள்.

அவள் புருஷன் குற்றாலிங்கம் லாரி ஓட்டுகிறவன். வடக்கே போனால் வர மாசமாகும். பிள்ளை போனபோது நாக்பூருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தான். வந்து சேர்ந்தபோது பால் ஊற்றிய ஈரம்கூடக் காய்ந்துவிட்டது. பிள்ளை எப்படிச் சிரிப்பாள் என்பதே அவனுக்குப் போனில் கேட்டுத் தெரிந்ததுதான்.

“ஒருக்கா வந்து கேளுங்க. நம்ம புள்ள அங்கன இருக்கா” என்று உலகம்மை கெஞ்சாத நாளில்லை.

“நாளைக்கு வாரேன் உலகு” என்பான். அந்த நாளை வருவதற்குள் லாரி கிளம்பிவிடும். பயந்தான், வேறொன்றுமில்லை. கேட்டால் இன்னொரு தரம் சாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தான். கோழைத்தனம் என்று சொல்லிவிடலாம், சொல்கிறவர்கள் அவன் இடத்தில் ஒருநாள் இருந்து பார்க்கட்டும்.

இப்படி இருக்கும்போதுதான் கொட்டகைச் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். ‘காண்டாமிருகம் வீட்டு வளைகாப்பு’. கல்யாணம் முடிந்தால் வளைகாப்பு வரத்தானே செய்யும், அதற்கு அடுத்தது காதுகுத்து என்று இப்போதே பேசிக்கொண்டார்கள். அண்ணாச்சி மகன் துபாயிலிருந்து வந்து புது மெஷின் இறக்கியிருந்தான். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. தொந்தியப்பன் மாதிரியே வீட்டு வாசல்களில் மாட்டிக்கொண்டு நின்றார்கள், சோறு தின்ன வர மாட்டேன் என்றார்கள்.

உலகம்மை தளவாய் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினாள்.

“அண்ணாச்சி, படம் போட்டா புள்ள போயிருவாளே.”

அவர் கெட்ட மனுஷர் இல்லை. எழுந்து வந்து எதிரே நின்றார். “தாயி, எங்க அப்பாவோட சிரிப்பும் அதுலதான் கெடக்கு. அவரு இப்பம் இல்ல. எனக்கு மட்டும் மனசு இல்லன்னா நெனைக்க? என்ன செய்யச் சொல்லுத?”

“அந்த ஒத்த நாற்காலியக் கழட்டிக் குடுத்துருங்க. வீட்ல வச்சுக்கிடுதேன்.”

“கழட்டிப் பாத்தாச்சு தாயி. மேலத்தெருவுல ஒருத்தன் கொண்டுபோய் வச்சுப் பாத்தான். வாசலத் தாண்டுனா வெறும் பலக.”

ஊர்க்கூட்டம் போட்டார்கள். படம் வேண்டாம் என்று நாலைந்து பேர் நின்றார்கள், எல்லாம் இழவு கண்ட வீட்டுக்காரர்கள். வேண்டும் என்று மீதி ஊர் நின்றது. சண்டை வரவில்லை, வந்திருந்தாலாவது தேவலை. செண்பகம் மைனிதான் கடைசியில் எழுந்து, உலகம்மை கையைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சொன்னாள்:

“ஏளா, நான் சொல்லுதது ஒனக்கு நெருப்பாத்தான் இருக்கும். போன புள்ள சிரிச்சதுக்காக இருக்கிற புள்ளைவ சிரிக்காம இருக்கணும்னா, அது நாயமா? பிரமுவே இருந்தா என்ன சொல்லுவா? மொத ஆளா டிக்கட்டுக்கு நிப்பால்லா?”

நிற்பாள்தான். அது உலகம்மைக்கும் தெரியும். நாற்காலிக்குக் கயிறு கட்டிவிடலாம் என்று அண்ணாச்சி சொன்னார். கூட்ட நெரிசலில் ஏதாவது ஒரு பிள்ளை கயிற்றுக்கு அடியில் நுழைந்து உட்காராதா என்ன? கடைசியில் உலகம்மையே சொன்னாள், “அதுல நான் இருந்துக்கிடுதேன் அண்ணாச்சி. எல்லா ஆட்டமும் நானே இருக்கேன். எனக்குத்தான் சிரிப்பு வராதே.”

ஊரே ஒத்துக்கொண்டது. அது உண்மைதான். பிள்ளை போன பிறகு அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை; அவள் எப்படிச் சிரிப்பாள் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. கொட்டகைக்குப் பூட்டுப் போட்டால் திருடன் வரலாம், உலகம்மையைப் போட்டால் சிரிப்பு வராது என்று மாசானம்கூடச் சொன்னார்.

முதல் நாள் மேட்னி. நிற்க இடமில்லாத கூட்டம். தங்கள் தங்கள் பழஞ்சிரிப்பை ஒருதரம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, செத்தவர்களுக்குச் செய்கிற மாதிரி நாற்காலியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அப்புறம் அதன் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து முறுக்கைக் கடித்தது ஜனம். வேறு என்ன செய்யும்? உலகம்மை குற்றாலிங்கத்தின் முரட்டுத் துண்டை வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். உட்காருவதற்கு முன்னால் ஒருதரம் காதை வைத்தாள். கொர். விக்கல். எம்மா, பாரேன். “பாக்கேன்” என்றாள் துண்டுக்குள்.

படம் ஓடியது. தொந்தியப்பன் மகளுக்கு வளைகாப்பு. வந்தவர்களுக்குப் பந்தல் போதவில்லை, வளையல் எதுவும் காண்டாமிருகக் கைக்குள் போகவில்லை, வண்டிச் சக்கரத்தைக் கழற்றி வந்து மாட்டினார்கள். கொட்டகை அதிர்ந்தது. உலகம்மை சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொந்தியப்பன் மறுபடியும் வாசலில் மாட்டினான், “போன தடவ முன்னால மாட்டுனேன், இந்தத் தடவ பின்னால மாட்டிக்கிட்டேன், மூணாம் பாகத்துல வாசலே வைக்காதீங்கடா!” என்று கதறினான். முன்வரிசைப் பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். அவளுக்குள் ஒரு இலைகூட அசையவில்லை. இதையா பிள்ளை காட்டினாள், இதில் என்ன இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு வருத்தம்கூட வந்தது.

அப்போது அந்தக் கூச்சலுக்கு நடுவில், பந்தல் மூலையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காண்டாமிருகம் தூங்கிக்கொண்டிருப்பதைக் காட்டினார்கள். தொந்தியப்பன் பெண்டாட்டி. தலை ஒருபக்கம் சாய்ந்து, வாய் திறந்து, முந்தானை நழுவி, மடியில் பாதி கட்டிய பூச்சரம் அப்படியே கிடக்க, உலகம் புரண்டாலும் எனக்கென்ன என்று தூங்கினது. உலகம்மைக்குப் பின்னால் இருந்த ஒரு பிள்ளை, “ஐய், முதப் படத்துல தூங்குனவ இன்னும் முழிக்கலடோய்!” என்று கத்தியது. வாசலிலிருந்து பிடுங்கிக்கொண்ட தொந்தியப்பன் உருண்டு வந்து அவள் நாற்காலியில் மோத, அவள் திடுக்கிட்டு விழித்து, வாயைத் துடைத்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, நிறைமாதமாக நிற்கிற மகளைப் பார்த்து, மிகப் பொறுப்பாக, “என்ன, தாலி கட்டியாச்சா?” என்று கேட்டாள்.

உலகம்மை பார்த்தாள். யார் தன்னை மாதிரி என்று, இத்தனை காலம் கேட்டுக் கேட்டுத் தெரியாமல் போனது, கண்ணுக்கு முன்னால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் தூங்குகிற அம்மாவையும் திரையில் தூங்குகிற அம்மாவையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறாள் பிள்ளை. முந்தானைகூட இதே மாதிரிதான் நழுவியிருக்கும். கழுத்து அப்படித்தான் சாய்ந்திருக்கும். ஐயோ, திருட்டுக் கழுதை, எதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள் பார் என்று நினைத்தாள். நினைத்தபோதே மூக்கில் கொர்ரென்று வந்தது.

அடக்கினாள். துண்டைப் பல்லால் கடித்தாள். நாற்காலிக் கையைப் பிடித்தாள், தொடையைக் கிள்ளினாள், பிள்ளை கிடந்த கட்டிலை நினைத்தாள், காய்ச்சலை நினைத்தாள், குழியை நினைத்தாள். விக்கல் வந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தால், வேறு ஏதாவது பிள்ளை அதில் உட்கார்ந்துவிடும். திரையில் அந்த மடச்சி, “அப்பம் பந்தி போட்டாச்சா?” என்று இன்னொன்று கேட்டாள். உலகம்மைக்குள் எத்தனையோ நாளாகக் கட்டிக்கிடந்தது மடை உடைந்த மாதிரி உடைந்தது. துண்டு எங்கே போனதென்று தெரியவில்லை. சிரித்தாள். கண்ணீர் வழிய, வயிறு நோக, தூணில் முட்டிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று மனம் அடித்துக்கொள்ள, சிரித்தாள். நல்ல சிரிப்பு. அதில் ஒரு பொய்யும் இல்லை.

“உலகு சிரிச்சிட்டா! ஏ, நம்ம உலகு சிரிச்சிட்டாளே!” என்று செண்பகம் மைனி எழுந்து கூவினாள், சந்தோஷத்தில் அவளுக்கும் அழுகை. பக்கத்து வரிசையில் கைதட்டினார்கள்.

படம் விட்டு ஜனம் போன பிறகும் உலகம்மை போகவில்லை. நாற்காலி முன்னால் முழங்கால் போட்டு, அதன் முதுகில் காதை வைத்தாள். கொர். விக்கல். பிறகு அவளே. ஒரு சந்தோஷமான பொம்பளை. “எம்மா” என்று யாரும் கூப்பிடவில்லை. இன்னொரு தரம் வைத்தாள். இன்னொரு தரம்.

கதவைத் தள்ளிக்கொண்டு குற்றாலிங்கம் ஓடி வந்தான். லாரியை டீக்கடை முன்னால் நிறுத்தியவனுக்கு மாசானம்தான், இன்றைக்குப் படம் போட்டாச்சு, இனி ஒரு சிரிப்பும் மிஞ்சாது என்று சொல்லியிருந்தார். செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தான்.

“உலகு, இருக்காளா? போயிட்டாளா?”

அவள் வாயைத் திறந்தாள். சொல்லத்தான் திறந்தாள். அதற்குள் அவன் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, எவ்வளவோ காலமாகப் பயந்து ஒதுங்கின காதை அந்தப் பலகையில் வைத்துவிட்டான்.

கேட்டான். வெகுநேரம் கேட்டான். அந்த முரட்டு முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, உதடு துடித்து, பல் தெரிந்தது.

“எம்புள்ள” என்றான். “எம்புள்ளதான். போன்ல கேப்பேன்லா, இந்தா, இந்தக் கொர்தான். ஏளா, அப்பிடியே ஒன்ன மாதிரியே சிரிக்காளே!”

உலகம்மை அவன் முகத்தைப் பார்த்தாள். தெரிந்து சொல்கிறானா தெரியாமல் சொல்கிறானா என்று பார்த்தாள். அந்த முகத்தில் அப்படி எதுவும் இல்லை. அப்பா முகம்தான் இருந்தது.

“ஆமா” என்றாள்.

“‘எம்மா’ன்னு கூப்புடுவான்னு சொல்லுவியே?”

“எல்லா நேரமும் கூப்புட மாட்டா.”

சாயங்கால ஆட்டத்துக்கு மணி அடித்தது. வாசலில் கூட்டம் நெருக்கியது. குற்றாலிங்கம் கீழே கிடந்த துண்டை எடுத்து உதறி, தன் வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதன் கைகளைப் பிடித்துக்கொண்டான். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையால் சாடை காட்டினான்.

அவள் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே சக்கரத்தை வளையலாகப் போட்டார்கள், ஜனம் சிரித்தது. தொந்தியப்பன் மாட்டினான், ஜனம் சிரித்தது. இனித் தூங்குமூஞ்சி முழிப்பாள். உலகம்மை சுவரில் காதை வைத்தாள். ஒரு மனசு, சிரித்துவிடாதே, அவள்தான் என்று நம்பிக்கொண்டிரு என்றது. இன்னொரு மனசு, சிரித்துத்தான் தொலையேன், எத்தனை நாளைக்கு இப்படி உட்காருவாய் என்றது. எந்த மனசுக்குப் பக்கத்தில் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. “தாலி கட்டியாச்சா?” என்றது திரை. கொட்டகையே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. அத்தனை சத்தத்திலும் அவள் அவன் குரலைத்தான் தேடினாள், அது இல்லை.

படம் விட்டு எல்லோரும் வெளியே வந்த பிறகு கடைசியாக அவன் வந்தான். கைகள் நாற்காலியைப் பிடித்த பிடியிலேயே மடங்கிப்போயிருந்தன. துண்டை அவிழ்த்தான்.

“ஒரு பொட்டுச் சிரிக்கல” என்றான். மூச்சு வாங்கியது. “கொன்னு போட்டாங்க படத்துல. நான் அசையல. காப்பாத்திட்டேன் உலகு. புள்ளைய இந்தத் தடவ காப்பாத்திட்டேன்.”

உலகம்மை அவன் தோளில் கிடந்த துண்டை வாங்கி மடித்தாள். டீக்கடையில் மாசானம் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். இருவரும் அதைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

“நாளைக்கு மேட்னிக்கு யாரு இருக்க?” என்று கேட்டான்.

“நீங்களே இருங்க” என்றாள் அவள். “எனக்குச் சிரிப்பு வந்துரும்.”